கடையாணி போட்டாச்சா? மோட்டார் ஹோமின் பின்னால் கார் கட்டி இழுப்பவர்களுக்கு

ஊரிலிருந்து அப்பா எங்களோடு மூன்று மாதம் தங்க மினசோட்டா வந்திருந்தபோது, எங்கள் மோட்டார் ஹோமில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். கிளம்பும் நாள் காலையில் வண்டிக்குப் பின்னால் குனிந்து காரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். மோட்டார் ஹோமிலிருந்து நீண்டு வரும் இரண்டு உலோகக் கைகளையும், அவை காரின் முகப்பில் வந்து சேரும் இடத்தையும், அங்கே குறுக்கே செருகியிருந்த பின்னையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏங் கண்ணு, கடையாணி போட்டாச்சா?"

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மாட்டுவண்டி ஓட்டி வளர்ந்தவர் அவர். சக்கரம் அச்சை விட்டுக் கழன்று வராமல் பிடித்து நிறுத்துவது கடையாணி. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அது விழுந்தால் வண்டி குடை சாய்ந்துவிடும். முன்பின் பார்த்திராத ஒரு கருவியில் எது முக்கியம் என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். காரை இழுக்கும் அந்தக் கருவிக்கு டோ பார் என்று பெயர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பின்னுக்குக் கடையாணி என்றுதான் பெயர்.

மோட்டார் ஹோம் வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே கூடிக்கொண்டே வருகின்றன. "கார் இழுப்பதற்கு என்ன வாங்கலாம்?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் போனில் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதில் எதையும் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டோடு காரும் எதற்கு?

மோட்டார் ஹோம் என்றால் சக்கரத்தில் ஓடும் வீடு. எங்களுடையது 30 அடி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. முகாமில் போய் நிறுத்தி, தண்ணீர்க் குழாயும் கரண்டும் மாட்டிவிட்டால், பால் வாங்குவதற்காக அத்தனையையும் கழற்றி வீட்டையே ஓட்டிக்கொண்டு போக முடியாது. அதற்கு ஒரு சின்ன வண்டி வேண்டும்.

கிளேசியரில் இது வசதியைத் தாண்டிய கட்டாயம். அங்கே மலையைக் குடைந்து போகும் 'கோயிங் டு த சன்' சாலையில், அவலாஞ்ச் க்ரீக்குக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி கிடையாது. 6,646 அடி உயரத்தில் இருக்கும் லோகன் கணவாயை அப்பா பார்க்க வேண்டுமென்றால், வீட்டைக் கீழே விட்டுவிட்டுச் சிறிய வண்டியில்தான் ஏற வேண்டும்.

காரைக் கொண்டுபோக மூன்று வழி உண்டு. நான்கு சக்கரத்தையும் டிரெய்லர் மேல் ஏற்றலாம். முன் இரண்டு சக்கரத்தை மட்டும் 'டாலி' என்ற சிறு வண்டியில் ஏற்றலாம். அல்லது நான்கு சக்கரமும் தரையில் உருள, டோ பாரில் கட்டி இழுக்கலாம். முதல் இரண்டுக்கும் தனி டயர், தனிப் பராமரிப்பு, முகாமில் நிறுத்தத் தனி இடம் எல்லாம் வேண்டும். மூன்றாவதில் டோ பாரை மடித்து மோட்டார் ஹோமின் முதுகிலேயே விட்டுவிடலாம். இப்படி இழுபட்டு வரும் காருக்கு இங்கே இரண்டு செல்லப் பெயர்கள்: கப்பலுக்குப் பின்னால் கட்டும் சிறு படகின் பெயரான 'டிங்கி', ஆங்கிலத்தில் தேரைக்கும் இழுபடுவதற்கும் பொதுவாக ஒலிக்கும் 'டோட்'.

காரின் கையேட்டிலிருந்து தொடங்குங்கள்

பலர் முதலில் டோ பார் வாங்கிவிடுகிறார்கள். அது தலைகீழ். முதலில் பார்க்க வேண்டியது காரின் கையேடு. அதில் பொழுதுபோக்குப் பயண இழுவை என்று ஒரு பகுதி இருக்கும். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாமா, கூடாதா என்று அங்கே தெளிவாகப் போட்டிருப்பார்கள்.

காரணம் எளிது. கார் இழுபடும்போது சக்கரம் சுழல்கிறது. அதோடு சேர்ந்து கியர் பெட்டிக்குள் சில பாகங்களும் சுழல்கின்றன. ஆனால் இன்ஜின் ஓடவில்லை. பல ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகளில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பை ஓட்டுவதே இன்ஜின்தான். எண்ணெய் இல்லாமல் 300 மைல் சுழன்றால் உள்ளே உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும். ஜீப் ராங்ளர் இழுப்பவர்களிடம் இவ்வளவு புகழ் பெற்றதற்குக் காரணம், அதன் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கியர் பெட்டியிலிருந்து முழுதாகப் பிரித்துவிட முடிவதுதான். டெஸ்லா போன்ற மின்சாரக் கார்களை இப்படி இழுக்கவே கூடாது.

ஒரே பெயரில் வரும் காரிலும் வருடத்துக்கு வருடம் விதி மாறும். ஹோண்டா சி.ஆர்.வி. நல்ல உதாரணம். 2014 மாடல் வரை இழுக்கலாம், 2015இல் சி.வி.டி. கியர் பெட்டி வந்ததோடு அந்த அனுமதி போய்விட்டது. எங்களிடம் இருப்பது 2013 சி.ஆர்.வி. அதற்கும் ஒரு சடங்கு உண்டு: இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்து, கியரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, 'டி'யில் 5 விநாடி வைத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, 3 நிமிடம் ஓடவிட்டு, பிறகு அணைக்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவி முதல் நிலையிலேயே இருக்க வேண்டும். 65 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. 8 மணி நேரத்துக்கு மேல் போனால் இதைத் திரும்பவும் செய்ய வேண்டும். ஒரு படியைக்கூட விடாதீர்கள் என்று கையேடு எச்சரிக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கார் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன்.

எண்களில் சிறியதைப் பிடியுங்கள்

அடுத்தது கணக்கு. எங்கள் மோட்டார் ஹோம் ஃபோர்டு ஈ-450 சட்டகத்தில் கட்டியது. வண்டியும் அது இழுப்பதும் சேர்ந்து மொத்தம் 22,000 பவுண்டு வரை போகலாம். இதற்கு ஜி.சி.டபிள்யூ.ஆர். என்று பெயர். தண்ணீர், பெட்ரோல், அரிசி மூட்டை, அப்பா, குழந்தைகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏறினோம். 14,200 பவுண்டு. மீதி 7,800. அப்படியென்றால் 7,800 பவுண்டு வரை இழுக்கலாமா?

இழுக்க முடியாது. வண்டியின் பின்னால் இருக்கும் ஹிட்ச் ரிசீவரில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். 5,000 பவுண்டு என்றது. டோ பார் 7,500 தாங்கும். உயரத்தைச் சரிசெய்யப் போட்ட இறக்கத் துண்டுக்கு ஒரு எண், டோ பார் வந்து சேரக் காரின் முகப்பில் மாட்டிய பேஸ் பிளேட்டுக்கு ஒரு எண், சேஃப்டி கேபிளுக்கு ஒரு எண். இத்தனை எண்களில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. எங்களுக்கு அது 5,000. காரின் எடை சுமார் 3,500, அதாவது ஏறத்தாழ 1,600 கிலோ. தாராளமாக உள்ளே அடங்குகிறது.

10,000 பவுண்டு தாங்கும் டோ பாரை வாங்கி 5,000 ரிசீவரில் மாட்டிவிட்டு, "பத்தாயிரம் இழுப்பேன்" என்று சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கினால் சங்கிலி பலமாகிவிடாது. தயவுசெய்து எடை போடாமல் கிளம்பாதீர்கள். காலி வண்டியின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நாம் எவ்வளவு சாமான் ஏற்றுவோம் என்பது நமக்கே தெரியும்.

எந்த டோ பார்?

மூன்று வகை. முதலாவது, அசையாத முக்கோணச் சட்டம். விலை குறைவு, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. ஆனால் காரை அங்குலம் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஓட்ட ஒருவர், சைகை காட்ட ஒருவர் கட்டாயம். இரண்டாவது, கைகள் நீண்டு சுருங்கும் வகை; காரின் முகப்பிலேயே தங்கும். மூன்றாவது, அதே போல நீண்டு சுருங்கி, மோட்டார் ஹோமின் பின்னால் மடிந்து நிற்பது. இன்று பெரும்பாலோர் வாங்குவது மூன்றாவது வகையைத்தான். நாங்களும் அதைத்தான் வாங்கினோம். காரைக் கிட்டத்தட்ட நேராக நிறுத்தினால் போதும். கைகளை இழுத்து மாட்டிவிட்டு மோட்டார் ஹோமை மெல்ல முன்னே நகர்த்தினால், ஒவ்வொரு கையும் முழு நீளத்துக்கு வந்து தானே பூட்டிக்கொள்ளும்.

இந்தத் தொழிலில் மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும்: நெப்ராஸ்காவின் பெண்டர் ஊரிலிருந்து வரும் ப்ளூ ஆக்ஸ், வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரிலிருந்து வரும் ரோட்மாஸ்டர், ஐயோவாவின் பாய்டனிலிருந்து வரும் டெம்கோ. டோ பாரில் எஃகில் செய்ததும் உண்டு, அலுமினியத்தில் செய்ததும் உண்டு. தினமும் தூக்கி இறக்கப்போவது யார் என்று யோசியுங்கள். எங்கள் வீட்டில் அது நான். அதனால் எடை குறைந்த அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது இரண்டு. ஒன்று, சரிவில் நின்றாலும் வளைவில் நின்றாலும் பூட்டைச் சுலபமாக விடுவிக்கும் நெம்புகோல் இருக்கிறதா என்பது. இறுகிப்போன பூட்டோடு மல்லுக்கட்டுவது கைவிரலுக்கு ஆபத்து. இரண்டு, காரில் மாட்டும் பேஸ் பிளேட்டும் டோ பாரும் ஒரே நிறுவனத்துடையதா என்பது. வேறு வேறானால் நடுவே ஓர் இணைப்புத் துண்டு வேண்டும். ஒவ்வொரு துண்டும் இன்னோர் எண், இன்னொரு தேய்மானம்.

பேஸ் பிளேட் ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனியாகச் செய்யப்படுவது. முன் பம்பரைக் கழற்றி, காரின் சட்டகத்தோடு போல்ட் போட்டு முடுக்குவார்கள். அனுபவம் உள்ள கையால் செய்ய வேண்டிய வேலை. எங்களுக்கு அதை மாட்டிக் கொடுத்த கடையில் ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டார்கள். முதல் 50 மைலில் நிறுத்தி, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தபோது, ஒரு வாஷரைச் சுற்றி மட்டும் பெயின்ட் உரிந்து பளபளவென்று இருந்தது. உலோகம் ஆடி ஆடி உரசிய இடம் அது. விரலால் திருப்பினேன், திரும்பியது. அங்கேயே முடுக்கிவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் வேறோர் இடத்தில் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் சட்டகம் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். போல்ட் இம்மி திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். செலவு ஒரு பெயின்ட் பேனா. இதை எல்லாரும் செய்ய வேண்டும்.

இன்னொன்று, டோ பார் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக நிற்க வேண்டும். ரிசீவர் உயரத்துக்கும் காரின் இணைப்பு உயரத்துக்கும் 3 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இறக்கத் துண்டு போட்டுச் சரிசெய்யுங்கள். சாய்ந்து நிற்கும் டோ பாரில், சடன் பிரேக் போடும்போது பின்னால் வரும் கார் மோட்டார் ஹோமின் மேல் ஏறவோ கீழே நுழையவோ பார்க்கும்.

பிரேக், விளக்கு, பேட்டரி

"இவ்வளவு பெரிய வண்டிக்கு இந்தச் சின்னக் கார் ஒரு பாரமா? தனி பிரேக் எதற்கு?" என்று கேட்பார்கள். எங்கள் கணக்கில் 14,200க்குப் பின்னால் 3,500. கால் பங்கு எடை கூடுகிறது. மோட்டார் ஹோமின் பிரேக் தன் சொந்த எடையை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. மலை இறக்கத்தில் அந்தக் கால் பங்கு பின்னாலிருந்து தள்ளும். இங்கே பல மாநிலங்களில் இழுபடும் எடை 3,000 பவுண்டைத் தாண்டினால் தனி பிரேக் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் நான் அது இல்லாமல் போக மாட்டேன்.

துணை பிரேக்கில் இரண்டு விதம். ஒன்று, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைத்துக் காரின் பிரேக் மிதியைத் தானே அழுத்தும் பெட்டி, வேண்டும்போது எடுத்துவிடலாம். மற்றது, காருக்குள் நிரந்தரமாகப் பொருத்துவது. எதுவானாலும் கார் தனியாகக் கழன்றுவிட்டால் பிரேக்கைத் தானே போட்டு நிறுத்தும் 'பிரேக்அவே' கம்பி இருக்க வேண்டும். அந்தக் கம்பியை டோ பாரில் மாட்டாதீர்கள், மோட்டார் ஹோமின் உடலில் மாட்டுங்கள். டோ பாரே கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும், பிரேக் பிடிக்காது.

பெட்டி வகையில் ஒரு ஆபத்து உண்டு. பொருத்தும்போது மிதியை லேசாக அழுத்தியபடி வைத்துவிட்டால், வழி நெடுக பிரேக் உரசிக்கொண்டே வரும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால் முதல் நிறுத்தத்தில் இறங்கி நான்கு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டுவேன். தொட மாட்டேன். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் ஏதோ தவறு.

டயரும் இதே கதைதான். இழுபடும் காரின் டயர் வெடித்தால் முன்னால் ஓட்டுபவருக்கு உறைக்கவே உறைக்காது. கிழிந்த டயரோடு மைல் கணக்கில் இழுத்துத் தீப்பிடிக்கும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. காரின் நான்கு டயருக்கும் காற்றழுத்தம் காட்டும் சென்சார் போட்டு, திரையை ஓட்டுநர் கண் முன்னால் வையுங்கள்.

பின்விளக்குகள் மோட்டார் ஹோமோடு சேர்ந்து எரிய வேண்டும். கார் விளக்கின் வயரிலேயே இணைத்தால், மின்சாரம் எதிர்த்திசையில் பாயாமல் தடுக்க நடுவே டயோடு வேண்டும். சாவி முதல் நிலையில் இருப்பதால் காரின் பேட்டரி வழியில் மெல்ல மெல்ல இறங்கும். எங்கள் முதல் பயணத்தில் வடக்கு டகோட்டாவின் மெடோராவில் போய் இறங்கியபோது கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை. அதற்குப் பிறகு மோட்டார் ஹோமிலிருந்து கார் பேட்டரிக்குச் சார்ஜ் போகும் ஒரு வயர் இழுத்துவிட்டோம். நீங்கள் முதலிலேயே இழுத்துவிடுங்கள்.

பராமரிப்பு

டோ பார் இருக்கும் இடம் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பின்னால். சாலையின் தூசி, மணல், மழைச் சேறு எல்லாம் அதன் மேல்தான் விழும். மினசோட்டாவில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு படிந்தால் துருவுக்கு அழைப்பு வைத்தது போல.

நீண்ட பயணம் முடிந்ததும் நான் செய்வது: சோப்புத் தண்ணீரில் கைகளைக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் உலர் சிலிக்கான் ஸ்பிரே அடிப்பேன். கிரீஸ் வைக்க மாட்டேன். பிசுபிசுப்பில் மணல் ஒட்டி, அந்த மணலே உப்புத்தாளாகி உள்கம்பியைத் தேய்த்துவிடும். கைகளின் மேல் ரப்பர் உறை இருந்தால் கிழிசல் பாருங்கள். கிழிந்தால் உடனே மாற்றுங்கள். மூட்டுகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புதிதில் இல்லாத ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. மின் பிளக்கின் முனைகளில் பச்சை படிந்தால் சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கும் மின்காப்பு கிரீஸைத் தடவி மூடி வையுங்கள். ரிசீவரின் உள்பக்கத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். போல்ட்டுகளை 3,000 மைலுக்கு ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். குளிர்காலத்தில் டோ பாரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவேன்.

சேஃப்டி கேபிளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு கேபிளையும் டோ பாருக்குக் கீழே குறுக்காக, பெருக்கல் குறி போல மாட்ட வேண்டும். டோ பார் விட்டுப்போனால் தரையில் குத்தாமல் தாங்கிப் பிடிக்க அதுதான் தொட்டில். ஒருமுறை கையுறை போட்டு ஒரு கேபிளை முழு நீளமும் உருவிப் பார்த்தேன். நடுவில் கையுறை சிக்கியது. பிளாஸ்டிக் உறை தேய்ந்து, கம்பியில் நான்கு இழை அறுந்து முள் போல நின்றிருந்தது. தொங்கல் அதிகமாக விட்டதால் தார்ச்சாலையில் உரசி வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது கைக்குத் தெரிந்தது. இரண்டு கேபிளையும் அன்றே மாற்றினோம்.

ரிவர்ஸ் எடுக்காதீர்கள்

இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். டோ பாரில் கார் இருக்கும்போது மோட்டார் ஹோமைப் பின்னால் எடுக்கவே கூடாது. காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுதும் திரும்பிக்கொள்ளும். டோ பாரோ பேஸ் பிளேட்டோ வளைந்துவிடும். அதனால் எங்கேயும் நுழைவதற்கு முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்.

மொன்டானாவில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் உள்ளே போன பிறகு, முன்னால் ஒரு லாரி வழியை அடைத்துவிட்டது. ரிவர்ஸ் எடுப்பதற்காகக் காரைக் கழற்றப் போனோம். வண்டி வளைந்து நின்றிருந்ததால் டோ பாரின் ஒரு கை இறுகி, அதன் பின்னை உருவ முடியவில்லை. என் கணவர் சுத்தியலை எடுக்கப் போனார். "ஏனுங்க, அடிக்காதீங்க" என்று தடுத்துவிட்டு, நான் காரில் ஏறிப் பிரேக்கில் கால் வைத்தபடி நான்கு அங்குலம் உருள விட்டேன். இறுக்கம் தளர்ந்தது, பின் கையோடு வந்தது. வராத பின்னை அடித்து எடுக்காதீர்கள். அது வராததற்குக் காரணம் பாரம். பாரத்தை நீக்கினால் தானே வரும்.

கிளம்பும் முன்

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், பெட்ரோல் போட நிறுத்தி எடுக்கும்போதும்கூட, நான் ஒரே வரிசையில் பார்க்கிறேன்: பின்கள், பின்களின் கிளிப்கள், இரு கேபிள்கள், மின் வயர், பிரேக்அவே கம்பி, துணை பிரேக், கியர் நியூட்ரல், சாவி நிலை, ஹேண்ட் பிரேக் விடுவித்தது, இரு கைகளும் பூட்டிக்கொண்டது, கடைசியாக விளக்குகள். ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாய்விட்டுச் சொல்கிறேன். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குகிறேன். முகாமில் பக்கத்து வண்டிக்காரர் அன்பாக விடைபெற வரும் நேரத்தில்தான் கிளிப் மறந்துபோகும்.

அந்தப் பயணத்தில் லோகன் கணவாயில் காரை நிறுத்தி, பனி உருகாத மலை முகட்டை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் காலையில் நான் காரைப் பூட்டி முடிப்பதற்கு முன்பே அவர் பின்னால் வந்து குனிந்து, இரண்டு பின்னையும் தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். வீடு திரும்பும் வரை ஒரு நாள்கூட அதை அவர் விடவில்லை.

உங்கள் வண்டியிலும் பூட்டுவது ஒருவராகவும், தொட்டுப் பார்ப்பது இன்னொருவராகவும் இருக்கட்டும். உங்களுக்குப் பின்னால் சாலையில் வருவது வேறொருவரின் குடும்பம்.